ஆர்.சி.யில் நிறம் உண்டு, ஏர்பேக் உண்டா?

‘2018 மாடல் ஸ்விஃப்ட், சிங்கிள் ஓனர், இன்ஷூரன்ஸ் கரண்ட், ஃபுல் ஆப்ஷன்.’ தமிழ்நாட்டில் எந்த ஊரில் செகண்ட் ஹேண்ட் கார் தேடினாலும் காதில் விழும் வரி இது. வாங்க வருபவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பார். டயரைக் குனிந்து பார்ப்பார், பானெட்டைத் திறக்கச் சொல்வார், ஏ.சி. குளிர்கிறதா என்று கை நீட்டிப் பார்ப்பார். அந்தக் கடைசி இரண்டு சொற்களை மட்டும் அப்படியே நம்பிவிடுவார். பெரிய தொடுதிரையும் பளபளக்கும் அலாய் வீலும் கண்ணெதிரே இருப்பதால், கண்ணுக்குத் தெரியாததும் உள்ளே இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட்டில் எல்லா வேரியன்ட்டிலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் உண்டு. அதற்கு முந்தைய தலைமுறையில் சாதாரண விஎக்ஸ்ஐ வாங்கியவருக்கு ஏர்பேக் கிடையாது; இசட்எக்ஸ்ஐ வாங்கியவருக்கு, அல்லது பின்னாளில் வந்த ‘ஆப்ஷனல்’ வேரியன்ட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்தவருக்குத்தான் உண்டு. 2017 கடைசியில் ஆலையை விட்டு வெளியே வந்த பழைய தலைமுறை வண்டி, 2018 ஜனவரியில் பதிவாகியிருந்தால் விளம்பரத்தில் அதுவும் ‘2018 மாடல்’தான். இரண்டும் ஸ்விஃப்ட், இரண்டும் விஎக்ஸ்ஐ, இரண்டிலும் ஒரே ஆண்டின் பதிவு எண். ஒன்றில் ஸ்டீயரிங்குக்குள் ஓட்டுநரின் நெஞ்சைக் காக்கும் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றில் ஹாரன் மட்டும் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை வாங்குபவருக்குச் சொல்லும் கடமை இன்று இந்த நாட்டில் எந்தக் காகிதத்துக்கும் இல்லை. ஆர்.சி.யில் வண்டியின் நிறம் இருக்கிறது. எத்தனை பேர் உட்காரலாம், காலி வண்டியின் எடை என்ன, எத்தனை சி.சி., எந்த மாதம் தயாரானது என்பதெல்லாம் இருக்கிறது. ஏர்பேக் எத்தனை என்ற ஒரு வரி மட்டும் இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை, சரிசெய்யக்கூடிய குறையும்கூட.

வேரியன்ட் பெயரைத் தெரிந்துகொண்டால் போதாதா என்று தோன்றலாம். பாதி உண்மை. மாருதிக்கு எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ; அதே நிறுவனத்தின் நெக்ஸா ஷோரூமுக்குப் போனால் சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்ஃபா. ஹூண்டாயில் எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா. டாடாவில் எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்டி, எக்ஸ்இசட். 2023-ல் நெக்ஸான் புதுப்பிக்கப்பட்டபோது அதுவும் மாறி ஸ்மார்ட், பியூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ் ஆனது. இந்தப் பெயர்களுக்கு நிறுவனம் தாண்டி எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. 2015 அக்டோபரில் அறிமுகமான பெலினோவில் அடிநிலை சிக்மாவிலேயே இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வந்தன. ஆனால் 2016-ல் விற்ற ஸ்விஃப்ட்டின் சாதாரண விஎக்ஸ்ஐயில் ஏர்பேக் இல்லை. ‘பேஸ் மாடல் வேண்டாம், மிட் வேரியன்ட்டாவது பார்’ என்று சொந்தக்காரர் சொல்லும் அறிவுரையை நம்பி ஸ்விஃப்ட்டை எடுத்தவர் பவர் விண்டோவையும் ஸ்டீரியோவையும் பெற்றார்; உயிர் காக்கும் பொருளை விட்டுவிட்டார்.

சென்னைக்கு அருகே மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இன்னும் தெளிவான உதாரணம். 2013-ல் அது வந்தபோது அடிநிலை ஆம்பியன்ட்டில் ஏர்பேக்கே கிடையாது. உச்சியில் இருந்த டைட்டானியம் ஆப்ஷனலில் ஆறு. வெளித்தோற்றத்தில் உடல் ஒன்றே. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஷெவர்லே 2017-லேயே இங்கு விற்பனையை முடித்துக்கொண்டது, டட்சனும் போய்விட்டது. இந்த வண்டிகள் பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. விசாரிக்க ஷோரூம் இல்லை. எந்த வேரியன்ட்டில் என்ன இருந்தது என்பதை வாங்குபவரே தோண்டி எடுக்க வேண்டும்.

ஏர்பேக் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு அனுமானம் தேவையில்லை. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ எல்லாமே ஏர்பேக் இல்லாத வடிவத்தில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் பெற்றன. அதே போலோவை இரண்டு ஏர்பேக்குடன் மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. போலோவின் உடற்கூடு மோதலைத் தாங்கி நின்றது. பை இல்லாததால்தான் உள்ளே இருந்த பொம்மையின் தலை தப்பவில்லை. ஃபோக்ஸ்வேகன் உடனே ஏர்பேக் இல்லாத போலோவை விற்பதை நிறுத்தியது. ஆனால் அதற்கு முன் விற்றவை இன்றும் சாலையில் ஓடுகின்றன, கை மாறுகின்றன. ‘ஜெர்மன் வண்டி சார், கதவைச் சாத்திப் பாருங்கள், சத்தமே சொல்லும்’ என்று விற்பவர் சொன்னால் கதவைப் பற்றி அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஸ்டீயரிங்குக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கதவுச் சத்தம் சொல்லாது.

வாங்குபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓர் அளவுகோல், தயாரிப்பு மாதம். பதிவு ஆண்டைக் கணக்கில் எடுக்காமல், ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக், ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார், சீட் பெல்ட் நினைவூட்டல், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் வேக எச்சரிக்கை ஆகியவை கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக் 2021 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும், 2021 டிசம்பர் 31 முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் வந்தது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற திட்டம் 2022-ல் பேசப்பட்டு, தள்ளிப்போடப்பட்டு, 2023-ல் கைவிடப்பட்டது. ஆகவே 2022-ல் தயாரான கார் என்றால் முன்பக்க இரண்டுக்கு உறுதி உண்டு. அதற்கு மேல் எதுவாக இருந்தாலும் வேரியன்ட்டைப் பொறுத்தது. 2019-க்கு முந்தையது என்றால் எதையும் எடுத்த எடுப்பில் நம்ப முடியாது.

ஆண்டுக்குள்ளேயேகூட நிலைமை மாறும். டாடா நெக்ஸான் 2018 ஆகஸ்ட்டில் குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. சில மாற்றங்களுக்குப் பிறகு அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து பெற்றது, இந்தியாவில் தயாரான கார் ஒன்று அந்த உயரத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. ‘2018 நெக்ஸான், ஃபைவ் ஸ்டார்’ என்ற விளம்பரத்தைப் படிப்பவர் எந்த மாதம் என்று கேட்டாக வேண்டும்.

காகிதங்களில் ஆர்.சி.க்கு அடுத்தபடி பயன் தருவது இன்ஷூரன்ஸ் பாலிசி. வண்டியின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனம் குறித்த விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக் கணக்கிடப்படுவது. அந்த விலை வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும் என்பதால் பாலிசியில் வேரியன்ட் பெயர் முழுதாக அச்சாகியிருக்கும். ஆர்.சி.யில் ஒன்றும் பாலிசியில் வேறொன்றும் இருந்தால் அங்கேயே நின்று கேட்க வேண்டும். அதே பாலிசியில் நோ க்ளைம் போனஸ் என்ன விழுக்காடு என்பதையும் பார்க்கலாம். ஒரே உரிமையாளர் ஐந்தாண்டு க்ளைம் செய்யாமல் ஓட்டியிருந்தால் அது 50 விழுக்காட்டைத் தொட்டிருக்கும். பூஜ்யமாக இருந்தால் ஏதோ ஒரு பெரிய வேலை நடந்திருக்கக்கூடும். அதைச் சர்வீஸ் சென்டரில் விசாரிக்கலாம். உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு சேஸிஸ் எண்ணோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் வண்டி எந்த வேரியன்ட்டாக ஆலையிலிருந்து வந்தது, எப்போது என்ன மாற்றினார்கள் என்பது கணினியில் இருக்கும். இந்த ஒரு நடைக்கு வர மறுக்கும் விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்காமலிருப்பது நல்லது.

அடுத்தது வண்டி. பேட்ஜைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பின்கதவில் ஒட்டும் இசட்எக்ஸ்ஐ எழுத்துகள் சென்னை ஜி.பி. ரோட்டில் மட்டுமல்ல, மாவட்டத் தலைநகர்களில் இருக்கும் ஆக்சஸரீஸ் கடையிலும் கிடைக்கும். அலாய் வீல், ரிவர்ஸ் கேமரா, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஃபாக் லேம்ப், லெதர் சீட் எல்லாமே வெளி ஃபிட்டிங்கில் ஒரு நாளில் முடிந்துவிடும். இவை இருப்பதில் தவறில்லை. இவற்றைக் காட்டி டாப் எண்ட் விலை கேட்பதுதான் தவறு. ஆலையில் வந்ததைக் கண்டுபிடிக்க டேஷ்போர்டில் உள்ள பொத்தான்களைத் தடவிப் பார்த்தால் போதும். வேலை எதுவும் செய்யாத மூடி பொத்தான்கள் வரிசையாக இருந்தால், மேல் வேரியன்ட்டுக்குரிய சுவிட்சுகளின் இடம் அது. பின்கண்ணாடியில் டிஃபாகரின் மெல்லிய கோடுகள், பின்பக்க வைப்பர், சாவியைத் திருப்பாமல் கிளப்பும் பொத்தான் இவற்றைப் பேட்ஜ் போல ஒட்டிவிட முடியாது.

ஏர்பேக்குக்கு வருவோம், இங்கே அவசரம் கூடாது. ஸ்டீயரிங் நடுவிலும் பயணி பக்க டேஷ்போர்டிலும் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்ற எழுத்து பிளாஸ்டிக்கிலேயே அச்சாகப் பதிந்திருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் முன்னிருக்கையின் கதவுப்பக்க விளிம்பில் ஒரு சிறு துணி முத்திரை தைக்கப்பட்டிருக்கும். திரை ஏர்பேக் இருந்தால் கதவுகளுக்கு இடைப்பட்ட தூண்களின் மேல்பகுதியில் அதே சொல் இருக்கும். நம் ஊரில் புது வண்டி வாங்கிய வாரமே சீட் கவர் தைத்து மாட்டுவது வழக்கம் என்பதால் அந்தத் துணி முத்திரை பெரும்பாலும் உறைக்குள் மறைந்திருக்கும். கவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். முத்திரை இருந்தும் அந்தப் பக்கத்தை இறுக்கி மூடிய கவர் போட்டிருந்தால், பை விரிய வேண்டிய வழியே அடைபட்டிருக்கிறது என்று பொருள். வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்ற வேண்டும்.

எழுத்து இருப்பதால் பை இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. விபத்தில் ஒரு தடவை விரிந்த ஏர்பேக்கை மடித்து மறுபடி வைக்க முடியாது. புதிய பை, கட்டுப்பாட்டுப் பெட்டி, சீட் பெல்ட், கிழிந்த டேஷ்போர்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், செலவு அதிகம். அதனால் மூடியை மட்டும் வாங்கி ஒட்டி, உள்ளே வெறுமையாக விட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க மீட்டரைக் கவனிக்க வேண்டும். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், உட்கார்ந்த மனிதன் முன் வட்டப் பந்து போன்ற படமுள்ள சிவப்பு விளக்கு சில விநாடிகள் எரிந்து தானாக அணையும். எரிந்தபடியே இருந்தால் அமைப்பில் கோளாறு. எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள், அல்லது அந்த வண்டியில் ஏர்பேக்கே இல்லை. வேறொரு விளக்கு அணையும் அதே நொடியில் இதுவும் அணைந்தால், அதன் ஒயரோடு இதைச் சேர்த்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு ரெசிஸ்டரை வைத்து அமைப்பையே ஏமாற்றும் வேலையும் நடக்கிறது என்பதால், சந்தேகம் இருந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் வண்டியை விட்டுப் பார்ப்பது உத்தமம். ஏ.பி.எஸ்.ஸுக்கும் இதே விளக்குச் சோதனை உண்டு. பானெட்டைத் திறந்தால் பிரேக் குழாய்கள் பல வந்து சேரும் ஓர் அலுமினியக் கட்டையும் தெரியும், ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் அந்தக் கட்டை இருக்காது.

இவ்வளவு துப்பறியும் வேலையை ஒரு குடும்பம் ஏன் செய்ய வேண்டும்? வேறு சில நாடுகளில் இது வாங்குபவரின் தலையில் கட்டப்படவில்லை. அமெரிக்காவில் 1958-லேயே ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்தின்படி, ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் அடிப்படை விலையும் கூடுதலாகச் சேர்த்த ஒவ்வொரு ஆப்ஷனும் அதன் விலையும் அச்சிட்டு ஒட்டியாக வேண்டும். அதோடு நிற்கவில்லை. அங்கே காரின் 17 இலக்க அடையாள எண்ணுக்குள்ளேயே அந்த வண்டியில் என்ன வகை பெல்ட், ஏர்பேக் இருக்கிறது என்பதற்கான குறியீடு இருக்க வேண்டும் என்பது விதி. அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தில் எண்ணைத் தட்டினால் யாருக்கும் இலவசமாகத் தெரிந்துவிடும். நம் கார்களுக்கும் 17 இலக்க சேஸிஸ் எண் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்லும் பொதுத் தளம் மட்டும் இல்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு இன்னொரு வழி பழக்கமானது. ஜப்பானிலிருந்து வரும் பழைய விட்ஸ், ஆக்சியோ, வேகன் ஆர் வண்டிகளோடு ஏலத் தாளும் வரும். ஏல நிலையத்தின் பரிசோதகர் வண்டியைப் பார்த்து மதிப்பெண் போட்டு, உடலில் கீறல் எங்கே, எந்த கிரேடு, ஏர்பேக், சன்ரூஃப், அலாய் வீல், நேவிகேஷன் எதெல்லாம் இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் குறித்துவிடுகிறார். விபத்தில் அடிபட்டுச் சீர்செய்யப்பட்ட வண்டிக்குத் தனி எழுத்து. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாமவர் எழுதிய தாள் என்பதுதான் அதன் பலம். அதையும் திருத்தி ஏமாற்றுபவர்கள் உண்டு; ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆதாரம் இருக்கிறது.

இங்கே அந்த ஆதாரத்தை உருவாக்குவது கடினமான காரியமல்ல. ஒவ்வொரு மாடலும் வேரியன்ட்டும் சோதனை முகமையிடம் ஒப்புதல் பெற்ற பிறகே விற்பனைக்கு வருகிறது. அந்த விவரங்கள் மத்திய அரசின் வாகன் கணினி அமைப்பில் நிறுவனங்களாலேயே ஏற்றப்படுகின்றன. ஷோரூமில் புதிய வண்டியைப் பதிவு செய்யும்போது ஊழியர் அந்தப் பட்டியலிலிருந்துதான் தேர்வு செய்கிறார். அதே இடத்தில் ஏர்பேக் எண்ணிக்கை, ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி., குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் என நான்கு விவரங்களைச் சேர்த்து, ஆர்.சி.யிலும் எம்பரிவாகன் செயலியிலும் காட்டினால் போதும். சன்ரூஃபையும் ஸ்பீக்கரையும் அரசு எழுதித் தர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வாங்கிய பிறகு ஆக்சஸரீஸ் மாற்றுவார்களே, பதிவு எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, ஆலையில் வந்த நிலையை மட்டும் எழுதினால் போதும் என்பதே பதில். இன்று வண்டியில் இருப்பதோடு அதை ஒப்பிட்டு, காணாமல் போனது எது என்று கேட்க வாங்குபவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

பழைய வாகன வியாபாரிகளை அங்கீகாரத்தின் கீழ் கொண்டுவரும் விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. ஆர்.சி. மாற்றம், நோட்டீஸ், பதிவேடு ஆகியவற்றில் அந்த விதிகள் காட்டும் அக்கறையைப் பாதுகாப்பு அம்சங்களின் மீதும் காட்டலாம். அதுவரை கையில் இருக்கும் ஆயுதம் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஒரு பொருளின் தரம், கிரேடு, மாடல் பற்றிப் பொய்யாகச் சொல்வது அந்தச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வியாபாரியிடம் வாங்கினால் இது பொருந்தும். அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கினால் பொருந்தாது. வாய்ப்பேச்சை நிரூபிக்க முடியாது என்பதால் டெலிவரி நோட்டிலேயே வேரியன்ட்டின் முழுப் பெயர், ஏர்பேக் எத்தனை, விபத்தில் விரிந்ததில்லை என்ற உறுதி ஆகிய மூன்றையும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதித் தரத் தயங்குபவரின் தயக்கமே பேரத்தில் கணக்கில் கொள்ள வேண்டிய தகவல்.

ஸ்டீரியோவைப் பிறகு மாற்றலாம், சீட்டைத் தைக்கலாம், அலாய் போடலாம். ஏர்பேக் இல்லாமல் வந்த வண்டிக்கு ஏர்பேக்கைப் பின்னால் நம்பகமாகப் பொருத்தித் தர மெக்கானிக்கால் முடியாது; சென்சாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பெல்ட்டும் அந்த உடலுக்கென்றே ஒன்றாக வடிவமைத்துச் சோதிக்கப்படுபவை. ஆகவே மூன்று, நான்கு லட்ச ரூபாயைச் சேர்த்து வைத்து முதல் கார் வாங்கும் குடும்பம் பட்டியலைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளலாம். முதலில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள மாடல்களையும் மாதங்களையும் குறித்துக்கொண்டு, அந்த வட்டத்துக்குள் நல்ல கண்டிஷன் வண்டியைத் தேடலாம். ஏர்பேக் இல்லாத பளபளக்கும் மிட் வேரியன்ட்டைவிட, கையால் கண்ணாடி இறக்கும் கைப்பிடி கொண்ட அடிநிலை வண்டியில் பை இருந்தால் அதை எடுப்பது மேல். மிச்சமாகும் பணத்தில் பவர் விண்டோவை எந்த ஊர் கார் எலக்ட்ரீஷியனும் மாட்டித் தருவார்.